கறுப்புத் திரையில் நாலு வார்த்தை!

வேப்பந்தட்டை. பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் ஊர். தாலுகாவின் தலைமையிடம். பெரம்பலூரில் ஆத்தூர் பஸ் ஏறினால் வழியில் வரும். சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மேற்கே பச்சைமலை. அரசின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இங்கே உண்டு.

வேறு ஒரு செய்திக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அங்கே ஒரு லேப்டாப் திறந்து கிடந்தது. அதைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருந்தது. யார் முகத்திலும் களை இல்லை.

"என்ன விஷயம்?" என்று கேட்டேன்.

"எந்திரம் செத்துப்போச்சுங்க" என்றார் வீட்டுக்காரர்.

அப்பாயியின் குரல்

அது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். மூத்த மகள் பிளஸ்-2 படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் வாங்கியது. மகளுக்குக் கல்யாணம் ஆகி, அரியலூர்ப் பக்கம் போய்விட்டாள். லேப்டாப் தம்பிக்கு வந்தது. பாட்டரி போய்விட்டது. ஆனாலும் கரண்டில் போட்டால் ஓடும்.

அதற்குள் ஒரு பொக்கிஷம் இருந்தது. அப்பாயி பாடிய நடவுப் பாட்டு!

பேத்தி ஒரு மழை நாளில் அதைப் பதிவு செய்து வைத்தாள். அப்பாயி இப்போது இல்லை. அவர் குரல் இருக்கும் ஒரே இடம் இந்தப் பெட்டிதான். "வேறு எதிலாவது பிரதி எடுத்து வைத்தீர்களா?" என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

நடந்தது இதுதான். சினிமாப் படங்களைப் போட்டு வைக்க இடம் பற்றவில்லை. மாமன் மகன் வந்தான். "உள்ளே ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதை அழித்துப் பக்கத்து அறையோடு சேர்த்துவிட்டால் இடம் கிடைக்கும்" என்றான். அப்படியே செய்தான். மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டார்கள். கறுப்புத் திரை! அதில் வெள்ளையாக இரண்டு வரி எழுத்து. அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைக்காரர் பார்த்தார். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். உள்ளே இருப்பது போய்விடும். சம்மதமா?" என்றார்.

"சம்மதம் இல்லை" என்று சொன்னவர் அம்மா. மாமியாரின் குரலை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள்.

"திரையில் என்ன எழுதியிருக்கிறது? யாராவது படித்தீர்களா?" என்று கேட்டேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாம் இங்கிலீசுங்க. யார் படிச்சது?" என்றார் வீட்டுக்காரர்.

முதல் வரியில் இருந்தது நாலே வார்த்தை. "எர்ரர்: நோ சச் பார்ட்டிஷன்." இதன் பொருள் என்ன? "தவறு: அப்படி ஓர் அறை இல்லை" என்பதுதான்.

அதற்குக் கீழே, "கிரப் ரெஸ்கியூ" என்று இருந்தது. ரெஸ்கியூ என்றால் மீட்பு. செத்துப்போன எந்திரம் இப்படிப் பேசுமா? அது உயிரோடுதான் இருந்தது. வழி தெரியாமல் நின்றது. அவ்வளவுதான்!

முதலில் எழுந்திருப்பது யார்?

விடியற்காலையில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பது இல்லை. முதலில் பாட்டி எழுந்திருப்பாள். அவள் மருமகளை எழுப்புவாள். மருமகள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, மற்றவர்களை எழுப்புவாள். பிறகுதான் வீடு வீடாக இருக்கும்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுவது, உள்ளே ஒரு சில்லில் பதித்து வைத்திருக்கும் சிறு புரோகிராம். பழைய கம்ப்யூட்டர்களில் இதற்கு "பயாஸ்" என்று பெயர். "நினைவு இருக்கிறதா? கீபோர்டு இருக்கிறதா? தட்டு இருக்கிறதா?" என்று சரி பார்ப்பது இதன் வேலை.

தட்டு என்பது "ஹார்டு டிஸ்க்". எழுதியது, படம் பிடித்தது, பாடியது எல்லாம் இதில்தான் பத்திரமாக இருக்கும். அந்தத் தட்டை வீட்டைப்போல அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு நம்பர் உண்டு. அறையைத்தான் "பார்ட்டிஷன்" என்கிறார்கள்.

பயாஸ் அந்தத் தட்டின் முதல் துண்டைப் படிக்கும். அதன் அளவு 512 எழுத்துகள்தான். அதிலும் புரோகிராமுக்குக் கிடைப்பது 446. மிச்சம் இருப்பது அறைகளின் பட்டியலுக்கும் முத்திரைக்கும். 446 எழுத்து என்றால் எவ்வளவு? ஒரு தபால் கார்டில் நெருக்கி எழுதக்கூடிய அளவு!

இந்தத் தபால் கார்டில் என்ன இருக்கும்? "மிச்சத்தை அடுத்த துண்டில் பார்" என்ற செய்தி இருக்கும். அங்கே கொஞ்சம் பெரிய புரோகிராம் படுத்திருக்கும். அது எழுந்து, ஓர் அறையில் இருக்கும் தன் முழுச் சாமானையும் எடுத்துக்கொள்ளும். பிறகு, வீட்டை நடத்தும் பெரியவரை எழுப்பும். அந்தப் பெரியவர்தான் விண்டோஸ், லினக்ஸ் போன்ற "ஆபரேட்டிங் சிஸ்டம்".

இப்படி எழுப்பிவிடும் புரோகிராமுக்கு "பூட் லோடர்" என்று பெயர். ஏன் "பூட்" என்கிறார்கள் தெரியுமா? காலில் போட்ட பூட்சின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. தூங்கும் எந்திரம் தன்னைத் தானே எழுப்பிக்கொள்கிறது அல்லவா? அதனால் அந்தப் பெயர் வந்தது.

இரண்டு பெரியவர்கள் ஒரே வீட்டில்

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசு நிறுவனமான "எல்காட்" அவற்றை வாங்கிக் கொடுத்தது. அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும், கல்லூரிகளிலும் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகள் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த லேப்டாப்புகளில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே பெட்டியில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும்! ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த விண்டோஸ். மற்றொன்று, "பாஸ்" என்ற லினக்ஸ். "பாஸ்" என்பது நம் நாட்டிலேயே தயாரானது. மத்திய அரசின் "சி-டாக்" நிறுவனம் அதை உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. இந்திய மொழிகளில் வேலை செய்ய வசதி செய்து கொடுத்தார்கள். தமிழும் அதில் உண்டு.

ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால், "இன்று யாரை எழுப்புவது?" என்று கேட்டாக வேண்டும் அல்லவா? அதைக் கேட்பதுதான் "கிரப்".

வேப்பந்தட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றால் ஒரு பக்கம் பெரம்பலூர், மறு பக்கம் ஆத்தூர். "எங்கே போக வேண்டும்?" என்று கண்டக்டர் கேட்பார். கிரப்பும் அதையே கேட்கும். திரையில் ஒரு பட்டியல் வரும். மேலும் கீழும் நகர்த்தி, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, "என்டர்" சாவியைத் தட்ட வேண்டும். சில விநாடிக்குள் தட்டாவிட்டால், முன்பே குறித்து வைத்திருக்கும் ஊருக்கு வண்டியை அதுவே எடுத்துவிடும்!

இந்தக் கிரப்பை 1995-ல் எழுதத் தொடங்கியவர், எரிக் போலின் என்பவர். "எல்லாவற்றையும் எழுப்பக்கூடிய ஒரே பூட் லோடர்" என்ற கருத்தில் இந்தப் பெயரை வைத்தார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த "க்னூ" என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தில், 1999-ல் இது முறைப்படி சேர்ந்தது. இதற்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். திறந்து பார்த்துத் திருத்தலாம்.

எட்டாம் அறை எங்கே?

இப்போது திண்ணைக்கு வருவோம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பவள். கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்து உட்கார்ந்தாள். திரையை ஒரு முறை படித்தாள். "தட்டில் இருந்த அறைகளை யாராவது மாற்றினீர்களா?" என்று கேட்டாள். மாமன் மகன் செய்ததைப் பையன் சொன்னான்.

"அப்படியானால் தட்டு கெடவில்லை தம்பி. நம்பர்தான் மாறிவிட்டது" என்றாள் அவள்.

அவள் விளக்கியதை அப்படியே சொல்கிறேன்.

விண்டோசின் "டி" டிரைவ் 5-ம் அறை. சும்மா கிடந்தது 6-ம் அறை. லினக்ஸ் தன் சொந்தத் தேவைக்கு வைத்திருந்தது 7-ம் அறை. "பாஸ்" குடியிருந்தது 8-ம் அறை. கிரப்பின் சாமானும் அந்த 8-ம் அறையில்தான் இருந்தது. 6-ம் அறையை அழித்து 5-ம் அறையோடு சேர்த்தார்கள். உடனே, பின்னால் இருந்த அறைகளின் நம்பர் ஒவ்வொன்றாகக் குறைந்தது. 7 என்பது 6 ஆயிற்று. 8 என்பது 7 ஆயிற்று.

இது கிரப்புக்குத் தெரியாது. வழக்கம்போல 8-ம் அறையைத் தேடிப் போயிற்று. அங்கே அறையே இல்லை! "அப்படி ஓர் அறை இல்லை" என்று திரையில் எழுதிவிட்டு, கையில் ஒரு சாமானும் இல்லாமல் நின்றது. அப்பாயியின் பாட்டு 5-ம் அறையில் பத்திரமாக இருந்தது. ஆனால், அங்கே போக வழி திறக்கவில்லை.

நாலு கட்டளை

மீட்பு நிலையில் நிற்கும் கிரப்புக்கு ஒரு சில கட்டளைகள்தான் புரியும். அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் அடித்த பிறகு "என்டர்" தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பைத் தருகிறேன்.

அவள் முதலில் அடித்தது "எல்எஸ்". பட்டியல் போடு என்று பொருள். உடனே அறைகளின் பெயர்கள் வந்தன. "ஹெச்டி0" என்றால் முதல் தட்டு. "எம்எஸ்டாஸ்5" என்றால் அதில் 5-ம் அறை. கம்ப்யூட்டர் தட்டுகளைப் பூஜ்யத்தில் இருந்து எண்ணும். அறைகளை ஒன்றில் இருந்து எண்ணும். இது நினைவில் இருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தாள். "எல்எஸ் (ஹெச்டி0,எம்எஸ்டாஸ்5)/" என்று அடித்தாள். "தெரியாத வகை" என்று பதில் வந்தது. அது விண்டோஸ் அறை. கிரப்புக்கு அந்த நேரத்தில் அதைப் படிக்கத் தெரியாது. "தெரியாத வகை" என்றால் "கெட்டுப்போனது" என்று பொருள் அல்ல. 6-ம் அறையைப் பார்த்தாள். அதே பதில்.

7-ம் அறையைப் பார்த்தாள். வரிசையாகப் பெயர்கள் வந்தன! அவற்றில் "பூட்" என்ற பெயரும் இருந்தது.

"இதோ இருக்கிறது!" என்று கத்தினான் பையன்.

அதன் பிறகு வேலை சுலபம். நாலே கட்டளைகள்.

ஒன்று: செட் பிரிஃபிக்ஸ்=(ஹெச்டி0,எம்எஸ்டாஸ்7)/பூட்/கிரப். "உன் சாமான் இந்த அறையில், இந்த அலமாரியில் இருக்கிறது" என்று சொல்வது இது.

இரண்டு: செட் ரூட்=(ஹெச்டி0,எம்எஸ்டாஸ்7). "எதைத் தேடினாலும் இங்கே இருந்து தேடு" என்று பொருள்.

மூன்று: இன்ஸ்மாட் நார்மல். "சாதாரணமாக வேலை செய்யும் சாமானை எடுத்துக்கொள்" என்று பொருள்.

நாலு: நார்மல். "இனி சாதாரணமாக நட" என்று பொருள்.

நாலாவது கட்டளைக்கு "என்டர்" தட்டினாள். கறுப்புத் திரை மறைந்தது. பழைய பட்டியல் வந்து நின்றது!

அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

இன்னும் வேலை முடியவில்லை

"அணைத்துவிட்டு மறுபடி போட்டால் வருமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நல்ல கேள்வி!

வராது. இப்போது அடித்தது சிலேட்டில் எழுதியது மாதிரி. அணைத்தால் அழிந்துவிடும். பத்திரத்தில் பதிவு செய்தால்தான் நிலைக்கும்.

அதனால் அந்தப் பெண் பட்டியலில் "பாஸ்" லினக்சைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனாள். அங்கே இருந்தபடியே, 5-ம் அறையில் இருந்த அப்பாயியின் பாட்டை முதலில் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தாள். அதன் பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டாள். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிரதி, பிறகு பழுது!

அடுத்து, "சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ" என்று அடித்தாள். தபால் கார்டைப் புதிய விலாசத்தோடு திரும்ப எழுதும் கட்டளை இது. தட்டின் பெயரை மட்டும் எழுத வேண்டும். அறை நம்பரைச் சேர்க்கக் கூடாது. பின்பு "சூடோ அப்டேட்-கிரப்" என்று அடித்தாள். பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை அது.

அணைத்துப் போட்டார்கள். ஒழுங்காக எழுந்தது.

உங்கள் விருப்பப்படி மாற்றலாம்

கிரப்பின் பழக்க வழக்கங்களை நாமே மாற்றலாம். லினக்சில் "/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்" என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் இரண்டு வரிகள் முக்கியம்.

"கிரப் டிஃபால்ட்" என்ற வரி, நாம் ஒன்றும் தட்டாவிட்டால் எதை எழுப்புவது என்பதைச் சொல்லும். இங்கே 0 என்றால் பட்டியலில் முதலாவது. மூன்றாவது வேண்டுமானால் 2 என்று எழுத வேண்டும். 3 என்று எழுதிவிட்டு, "நாலாவது வருகிறதே!" என்று திகைப்பவர்கள் உண்டு.

"கிரப் டைம்அவுட்" என்ற வரி, எத்தனை விநாடி காத்திருப்பது என்பதைச் சொல்லும். 5 என்றால் 5 விநாடி. வீட்டில் வயதானவர்கள் பயன்படுத்தினால் 20 என்று வைக்கலாம். -1 என்று வைத்தால், யாராவது சாவியைத் தட்டும் வரை காத்திருக்கும்.

மாற்றிய பிறகு "அப்டேட்-கிரப்" கட்டளையை மறக்கக் கூடாது. மனு எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் வேலை நடக்குமா? ஆபீசில் கொடுக்க வேண்டும். அது மாதிரிதான். கிரப் உண்மையில் படிப்பது "கிரப் சிஎஃப்ஜி" என்ற வேறு கோப்பை. அதை நேரே திருத்தக் கூடாது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது, திருத்தியது எல்லாம் காணாமல் போய்விடும்.

ஒரே ஒரு முறை மட்டும் மாற்றிப் பார்க்கவும் வழி உண்டு. பட்டியல் வந்ததும் "ஈ" என்ற சாவியைத் தட்டினால், கட்டளைகள் திரையில் விரியும். உதாரணமாக, லினக்ஸ் எழும்போது திரையில் படம் வராவிட்டால், "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் "நோமோட்செட்" என்று சேர்த்துவிட்டு, "எஃப்10" சாவியைத் தட்டிப் பார்க்கலாம். சரிவராவிட்டால் நஷ்டம் இல்லை. அணைத்தால் பழையபடி ஆகிவிடும்.

இந்த வசதியில் ஓர் ஆபத்தும் உண்டு. விஷயம் தெரிந்தவர் இதே "ஈ" சாவியைத் தட்டி, கடவுச்சொல் இல்லாமலே லினக்ஸ் உள்ளே புகுந்துவிடலாம். அதனால், பலர் புழங்கும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கிரப்புக்கே ஒரு கடவுச்சொல் வைக்கலாம்.

எல்லாக் கறுப்புத் திரையும் ஒன்று அல்ல

மேலே சொன்ன வைத்தியம் எல்லா நோய்க்கும் பொருந்தாது. லினக்ஸ் இருந்த அறையையே அழித்திருந்தால், நாலு கட்டளையும் பலிக்காது. அப்போது பென் டிரைவில் இருந்து ஓடும் லினக்சைப் போட்டு, கோப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும். பிறகு விண்டோசின் பழுது பார்க்கும் டிஸ்க்கைப் போட்டுத் தபால் கார்டைச் சரி செய்ய வேண்டும்.

தட்டில் "டிக், டிக்" என்று சத்தம் வந்தாலோ, பயாஸ் தட்டையே காணோம் என்று சொன்னாலோ, அது உண்மையான நோய். மேலும் மேலும் சுவிட்சைப் போடாதீர்கள். உடனே அணைத்துவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

புதிய கம்ப்யூட்டர்களில் பயாசுக்குப் பதிலாக "யூஇஎஃப்ஐ" வந்துவிட்டது. அங்கே தபால் கார்டு இல்லை. பூட் லோடருக்கென்றே ஒரு சிறிய அறை இருக்கும். அறையின் பெயர்களும் வேறு மாதிரி வரும். ஆனால், முறை ஒன்றுதான். படி, பட்டியலைப் பார், சாமான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடி, பிறகு கட்டளை கொடு.

செல்போனிலும் பூட் லோடர் உண்டு. அதன் பூட்டைத் திறக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஜாக்கிரதை! பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டைத் திறந்தால், உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கு இல்லை. அழித்துப் புதிதாகப் போடுவது அவருக்குச் சீக்கிரம் முடியும் வேலை. ஆனால், "அழிக்காமல் பார்க்க முடியுமா?" என்று நாம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க, திரையில் இருப்பதை நாம் படித்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுத்தைப் பார்த்து அப்படியே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் ஒரு படம் பிடியுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

நான் கிளம்பும் நேரம். வீட்டுக்காரர் தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் அந்த நாலு கட்டளைகளையும் பையனை எழுதச் சொன்னார். எழுத்துக் கூட்டி ஒரு முறை படித்தும் பார்த்தார்.

உள்ளே லேப்டாப்பில் நடவுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.